பன்னிரண்டுக்கு முன்

பெரியவர் எங்கே என்றாள் வரவேற்பறைப் பெண்.
எங்கள் மூவரையும் தாண்டிக் கதவைப் பார்த்தாள்,
கதவைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்,
யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு
மூச்சுவாங்க வருவார்கள் என்பதுபோல.

ஒரு கடற்காகம்தான் வந்தது.

அப்பாவின் கடிதத்தை நீட்டினோம்.
பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு மொழியில்.
அபேனாவின் அம்மா தன் பங்குக்கு
வேலையிடத்து முத்திரையும் குத்தியிருந்தார்,
பல் ஆஸ்பத்திரி முத்திரை.
கப்பலடியில் அது போதுமாயிருந்தது.
இங்கே போதவில்லை.
பதினெட்டு முடிந்தவர் ஒருவர் வேண்டும்,
ஒரேயொருவர், என்று விரலைக் காட்டினாள்.

நாளைக்கு எனக்குப் பதினெட்டு என்றாள் மதூஷா.
அப்படியானால் நாளைக்கு வாருங்கள் என்றாள் அவள்,
கேலியில்லாமல்.
தலைக்கு மேலே மணிக்கூட்டில் எட்டு பத்து.

தியெப் கரையில் மணல் கிடையாது.
கல். முட்டை முட்டையாய்க் கல்.
அலை திரும்பும்போது
ஆயிரம் பேர் சேர்ந்து பல்லைக் கடிக்கிற சத்தம்.
பெட்டிகளை நடுவில் வைத்துச் சுற்றி இருந்தோம்.
கப்பலில் வாங்கிய சிப்ஸ் அரைப் பை,
நனைந்த ஒரு சப்பாத்து,
மூவரில் மூத்தவள் என்பதால் மதூஷாவிடம் கொடுத்த
திரும்பும் டிக்கெட்டுகள்,
அவை எங்கே என்று அவளுக்கே தெரியாது.

எட்டரைக்கு வவுனியாவிலிருந்து சித்தி எடுத்தாள்.
"இங்கை பன்னிரண்டு அடிச்சிட்டுது மோனை,
பதினெட்டு! பிறந்த ஊரிலை நீ இப்ப பெரிய மனுசி."
மதூஷா எழும்பி ஓடினாள், கற்கள் சறுக்க, விடுதிக்கு.
நான் பிறந்த இடத்தில் நாளைக்கு வந்துவிட்டது,
பாருங்கள், கடவுச்சீட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறது.
அந்தப் பெண் உண்மையாகவே யோசித்தாளாம்.
பிறகு, இது பிரான்சு என்றாளாம்.

பதின்மூன்று வயதில் ஹோல் பிடித்து
முந்நூறு பேருக்குச் சோறு போட்டுப்
பெரியபிள்ளை என்று அறிவித்தார்கள் என்னை,
அந்த அல்பத்தைக் காட்டட்டுமா என்றாள்.
சிரித்தோம். அபேனாவுக்கு விளக்க
அரை மணித்தியாலம் போனது.
விளக்கி முடிய அவள் சிரிக்கவில்லை.

பத்தரைக்கு இருட்டிவிட்டது.
நாயோடு வந்த ஒருவர் நின்றார்,
எங்களை எண்ணினார், போனார்.
அதன்பின் நாங்கள் கொஞ்சம் நெருங்கி இருந்தோம்,
ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.
எனக்குப் பதினாறு. வீட்டுக்குப் போகவேண்டும் என்ற சொல்
வாய்க்குள் வந்து
கல்லைப்போலக் கிடந்தது.

பன்னிரண்டு.
மணிக்கூட்டுக்குக் கீழேயே போய் நின்றோம்.
அந்தப் பெண் கடவுச்சீட்டை விளக்கடியில் பிடித்தாள்,
திகதியை ஒருதரம் பார்த்தாள், முகத்தை இரண்டுதரம்.
படிவமொன்றைத் திருப்பி வைத்தாள்.
"சிறுவர்களுக்குப் பொறுப்பானவர்" என்ற கோட்டில்
மதூஷா தன் பெயரை எழுதினாள்,
முழுப்பெயரை, அப்பாவின் பெயரோடு.
அதற்குள் அம்மாவின் அழைப்பு.
"அங்கை எப்பிடியோ தெரியாது,
இங்கை இன்னும் பதினொரு மணிதான்.
இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு
நான் சொல்லுறதைத்தான் நீ கேக்கவேணும்.
அறையிலைதானே இருக்கிறியள்?"
ஓம் அம்மா, அறையிலைதான்,
சாவி கைக்கு வரும்வரை அதையே சொன்னாள்.

மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் குப்பைத்தொட்டி,
எட்டிப் பார்த்தால் ஒரு விரலகலம் கடல்.
கதவைப் பூட்டிவிட்டு மதூஷா
பூட்டியதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தாள்.
என் நனைந்த சப்பாத்தைக் காயவைத்தாள்.
டிக்கெட்டுகளைத் தேடி எடுத்துத்
தலையணைக்குக் கீழே வைத்தாள்.
பல்லை விளக்கிவிட்டுப் படு என்றாள்,
என்னைப் பார்த்து,
நேற்றுவரை விளக்காமல் படுப்பவள்.
ஒரு மணிக்கு அம்மா மறுபடி எடுத்தபோது
குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.
குழாய் நெடுநேரம் ஓடியது.

விடிய அதே பெண் எங்கள் மேசைக்கு
இரண்டு கிண்ணம் சாக்லேட் பாலும்
ஒரு கோப்பியும் கொண்டுவந்தாள்,
யாருக்கு எது என்று கேட்காமலே வைத்தாள்.
மதூஷாவுக்குக் கோப்பி பிடிக்காது.
சீனி போடாமல்
முழுவதையும் குடித்தாள்.